மீட்டரில் சைபர் காட்டிய சிப்

போன மாசம் ஆபிஸ்ல ஒரு சொதப்பல். என்னோட எம்1 மேக்ல டாக்கர் இமேஜ் பில்ட் பண்ணி சர்வருக்கு ஏத்தினேன். "எக்ஸெக் ஃபார்மேட் எரர்"னு ஒரே வரி சொல்லிட்டு படுத்துடுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கோட்ல தப்பு தேடினேன். கடைசியில பாத்தா கோட்ல ஒண்ணுமே இல்ல. என் மேக்குக்குத் தெரிஞ்சது ஆர்ம் பாஷை, சர்வருக்குத் தெரிஞ்சது எக்ஸ்86 பாஷை. காலேஜ்ல 8085, 8086னு தனி பேப்பரே எழுதி பாஸ் பண்ணவன் நான். வெட்கமாத்தான் இருந்துச்சு மக்களே.

ரெண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? மெமரியில இருக்குற ஒரு எண்ணோட 5 கூட்டணும்னு வச்சுக்குங்க. எக்ஸ்86ல ஒரே கட்டளை போதும். ஆர்ம்ல மூணு வேணும்: எடு, கூட்டு, திருப்பி வை. எக்ஸ்86ல ஒரு கட்டளை 1 பைட்டாவும் இருக்கலாம், 15 பைட்டாவும் இருக்கலாம். முதல் ஆர்ம்ல எல்லாமே 4 பைட்தான். அதைப் புரிஞ்சுக்க சிப்புக்குள்ள பெரிய சர்க்யூட் தேவையில்ல.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 1983, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் செஞ்ச ஏகார்ன் கம்பெனி, அடுத்த பொட்டிக்கு சிப் தேடிக்கிட்டு இருந்தது. சந்தையில இருந்த எதுவும் திருப்தியா இல்ல. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதிக்குப் போய், சிப் டிசைன் பண்ற ஒரு கம்பெனியைப் பாத்தாங்க. பிரம்மாண்டமா ஏதோ இருக்கும்னு போனா, வீடு மாதிரி ஒரு சின்ன இடம், கொஞ்சம் ஆளுங்க. இவங்களால முடியும்னா நம்மளால முடியாதான்னு தோணிடுச்சு.

வில்சன் கட்டளைகளை வகுத்தார், ஃபர்பர் சிப்பின் அமைப்பை வடிவமைச்சார். ஆள் பலமும் இல்ல, பண பலமும் இல்ல. அதனால எளிமையா செய்யறதைத் தவிர வேற வழியில்ல. 1985 ஏப்ரல் 26ஆம் தேதி வந்து இறங்கின முதல் சிப்பே வேலை செஞ்சுது. அதுல சுமார் 25,000 டிரான்சிஸ்டர். அதே வருஷம் அக்டோபர்ல வந்த இன்டெல் 386ல 2,75,000!

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். சிப் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு ஃபர்பர் மீட்டர் வச்சுப் பாத்தா சைபர். ஆனா புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கு! ஆராஞ்சு பாத்தப்ப, போர்டுல சிப்புக்கான பவர் லைனே இணைஞ்சிருக்கல. மத்த பின்கள் வழியா கசிஞ்சு வந்த கரண்ட்லயே அது ஓடியிருக்கு. விலை குறைஞ்ச பிளாஸ்டிக் உறையில போடணும், அதுக்கு சூடாகக் கூடாது. அவ்வளவுதான் அவங்க நினைச்சது. பின்னாடி பாட்டரியில ஓடற செல்போனுக்கு அதுவே வரமா அமைஞ்சுது.

இன்டெல்லைக் குறை சொல்லவும் முடியாது. 1978ல 8086க்கு எழுதின புரோகிராமும் ஓடணும்னு அந்தப் பாரத்தைச் சுமந்துக்கிட்டே வந்தாங்க. பழசைக் கைவிடாததுதான் அவங்க பலமே. அதனாலதான் சர்வர்கள்ல இன்னும் அவங்க பாஷை ஓடுது.

சின்னது, எளிமையானதுன்னு ஆரம்பிச்சது 2020ல மேக் வரைக்கும் வந்து, என் ராத்திரி தூக்கத்தையும் கெடுத்துடுச்சு. இப்பல்லாம் இமேஜ் பில்ட் பண்றப்ப எந்த பாஷைக்குன்னு சேர்த்தே எழுதிடறேன் :-)

சரி, ஆணி கூப்பிடுது. வர்ட்டா!