வாலின் மறுபாதி

அமெரிக்காவின் டூசன் நகரில் ஆண்டுதோறும் இரத்தினக்கற்களுக்கும் புதைபடிவங்களுக்கும் பெருஞ்சந்தை கூடும். 1999 பெப்ரவரியில் அங்கே ஒரு கற்பலகை 80,000 டொலருக்குக் கைமாறியது. வாங்கியவர் ஸ்டீபன் செர்காஸ். யூட்டா மாநிலத்தில் சிறியதொரு டைனோசர் அருங்காட்சியகம் நடத்தியவர். கல்லில் பறவையின் மார்பும் இறக்கையும், பின்னால் டைனோசரின் விறைத்த நீண்ட வால். டைனோசரிலிருந்தே பறவை வந்தது என்று வாதாடியவர்களுக்குக் கேட்ட வரம் கிடைத்த மாதிரி.

கல் வந்தது சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து, அந்நாட்டுச் சட்டத்தை மீறி. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரிச் சேற்றிலும் எரிமலைச் சாம்பலிலும் புதைந்த உயிர்கள் அங்கே ஏடு ஏடான கல்லுக்குள் கிடக்கின்றன. தோண்டும்போது கல் நொறுங்கும். உழவர்கள் பசையிட்டு ஒட்டுவார்கள். அதில் களவில்லை. முழு உருவத்துக்கு நல்ல விலை, துண்டுக்கு அற்ப விலை என்ற இடத்தில்தான் கை நீளுகிறது. ஆகவே ஒட்டைக் கண்டதும் போலி என்றுவிட முடியாது. எதனோடு எதை ஒட்டினார்கள் என்பதே கேள்வி.

பயறு இரண்டு பருப்பாக உடைவதுபோல இந்தக் கல் பிளக்கும்; ஒரே எலும்பு இரண்டு பக்கத்திலும் பதிந்திருக்கும். பலகையின் இரு பாதங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்போல இருந்ததை பிலிப் கரி ஆரம்பத்திலேயே கவனித்தார். ஒரே காலின் இரு பாதிகள் இடக்கால், வலக்கால் ஆகியிருந்தன. யூலையில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் திமோதி ரோ கல்லை சிடி ஸ்கேன் செய்தார். துண்டுகள் பொருந்தவில்லை, வாலுக்கும் உடலுக்கும் தொடர்பே தெரியவில்லை.

இவையெல்லாம் உள்வீட்டுப் பேச்சாகவே இருந்தன. ஆய்வுக்கட்டுரையை 'நேச்சர்', 'சயன்ஸ்' இரண்டும் ஏற்கவில்லை. ஆனாலும் 'நேஷனல் ஜியோகிரபிக்' நவம்பர் இதழில் 'ஆர்கியோராப்டர்' என்று பெயரே சூட்டிவிட்டது. ஒட்டி விற்றவர்மீது எனக்கு அவ்வளவு கோபமில்லை. சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டே அச்சுக்கு விட்டார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கதையை முடித்தவர் பெய்ஜிங்கின் சூ சிங். அந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. சீனாவில் அவர் கண்ட வேறொரு பலகையில் ஒரு சிறு டைனோசர் கிடந்தது. அதன் வாலும் செர்காஸின் கல்லிலிருந்த வாலும் ஒரே வாலின் இரு பாதிகள், கறைகள்கூடப் பொருந்தின. அது போலியென அவரே டிசம்பரில் எழுதி அறிவித்தார். மறு ஆண்டு சஞ்சிகை தன் தவறு பற்றிய விசாரணையைத் தானே வெளியிட்டது.

கல் சீனாவுக்குத் திரும்பியது. முன்பகுதி யனோர்னிஸ் என்ற பழம்பறவை என்று 2002இல் தெரிந்தது. வாலுக்கு உரிய விலங்கு, அதுவரை அறியப்படாதது, 2000 டிசம்பரில் மைக்ரோராப்டர் என்று பெயர் பெற்றது. பறவையல்லாத டைனோசர்களில் அன்று அறியப்பட்டவற்றுள் அதுவே மிகச் சிறியது.