மூன்றாவது ஆக்சிஜன்

கந்தகத்தைக் கொளுத்தினால் நீலமாக எரியும், மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அந்த நெடிதான் சல்பர் டை ஆக்சைடு. ஒரு கந்தக அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இன்னும் ஒரே ஒரு ஆக்சிஜன் சேர்ந்தால் சல்பர் டிரை ஆக்சைடு. அதோடு தண்ணீர் சேர்ந்தால் கந்தக அமிலம். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் சுற்றிலும் காற்று இருந்தும் அந்த மூன்றாவது ஆக்சிஜன் மட்டும் லேசில் வந்து ஒட்டாது! அதை ஒட்டவைத்த கதைதான் இது.

1736-இல் லண்டனுக்கு அருகே ஜோஷுவா வார்டு என்பவர் கந்தகத்தோடு வெடியுப்பையும் சேர்த்து எரித்து, பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அமிலம் தயாரித்தார். கண்ணாடி எளிதில் உடையும், அளவும் சிறியது. 1746-இல் பர்மிங்காமில் ஜான் ரோபக் குடுவைக்குப் பதிலாக ஈயத் தகடுகளால் அறையே கட்டிவிட்டார். ஈயத்தை இந்த அமிலம் அவ்வளவாக அரிக்காது. அமிலத்தின் விலை சரிந்தது. அதுவரை லினன் துணியை வெளுக்கப் புளித்த பாலில் ஊறவைத்துக் கொண்டிருந்தவர்கள் அமிலத்துக்கு மாறினார்கள்.

இதில் வெடியுப்புக்கு என்ன வேலை? அதிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு, தன்னிடமுள்ள ஓர் ஆக்சிஜனைக் கந்தகத்துக்குக் கொடுத்துவிடும். பிறகு காற்றிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு மறுபடி கொடுக்க வரும். ஒரு தரகர் மாதிரி!

இனி 200 வருடம் தாண்டி லண்டனுக்கே வருவோம். 1952 டிசம்பர் 5. கடுங்குளிர், காற்று அசையவில்லை. நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குப் போய்விட, வீடுகளில் மட்டமான கரி எரிந்தது. கரியிலிருந்த கந்தகம் புகையாகி மூடுபனியில் கலந்தது. பேருந்துக்கு முன்னால் ஆள் விளக்கோடு நடந்து வழிகாட்ட வேண்டியிருந்தது. அரங்கத்துக்குள்ளும் புகை நுழைந்து ஓர் இசை நாடகம் பாதியில் நின்றது. 9-ஆம் தேதி பனி விலகியது. இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். அதன்பின் வந்த வாரங்களிலும் சாவுகள் தொடர்ந்தன. அரசுத் தரப்பு அதற்கு ஃப்ளூ காய்ச்சலைக் காரணம் காட்டியது. பிற்கால ஆய்வுகள் மொத்தம் 12,000 வரை சொல்கின்றன.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. லேசில் ஒட்டாத மூன்றாவது ஆக்சிஜன் அந்த ஐந்து நாளில் மட்டும் எப்படி அவ்வளவு வேகமாக ஒட்டியது? 2016-இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. அதே கரிப் புகையில் இருந்த நைட்ரஜன் டை ஆக்சைடு, பனித்துளிகளுக்குள் அந்த வேலையைச் செய்திருக்கிறது. துளிகளின் தண்ணீர் ஆவியாக ஆக, அமிலம் அடர்ந்து நுரையீரலுக்குள் போனது.

அதாவது அதே பழைய தரகர்! ரோபக்கின் ஈய அறைக்குள் நடந்ததற்கு நெருங்கிய வேலை, சுவரே இல்லாமல் ஒரு நகரத்தின் மேல் நடந்திருக்கிறது. அறைக்குள் ஆட்கள் இல்லை. லண்டனுக்குள் லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள்.

1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. வேதிவினைக்குத் தொழிற்சாலை எது, தெரு எது என்று தெரியாது. அதைத் தெரிந்து நடந்துகொள்ள வேண்டியது நாம்தான்.