நாற்படிச் சமன்பாடும் ஒரகடத்து ரோபோக்களும்

1902-ஆம் ஆண்டு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் மாணவர் ராமானுஜனுக்கு வயது 14. முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி அவருக்குத் தெரியவந்தது. உடனே நாற்படிக்குத் தாமாகவே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். இத்தாலியின் ஃபெராரி 1540 வாக்கில் முடித்த வேலை அது. அடுத்த ஆண்டு ஐந்தாம் படியில் முயன்றார், முடியவில்லை. நான்கு அடிப்படைச் செயல்களோடு படிமூலம் எடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் எழுதவே முடியாது என்று நார்வேயின் ஆபெல் 1824-இலேயே நிறுவியிருந்தார். ராமானுஜனுக்கு அது தெரியாது.

நான்கு வரை சூத்திரம் உண்டு, அதற்கு மேல் இல்லை. ரோபோவின் மணிக்கட்டு வடிவத்தில் இந்த எல்லைக்கும் பங்கு உண்டு.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது. இத்தகைய கார் ஆலைகளின் பாடி ஷாப்பில் வெல்டிங் செய்வது ஆறு மூட்டு ரோபோ. வெல்டிங் கன் ஓர் இடத்தில், ஒரு குறிப்பிட்ட சாய்வில் நிற்க வேண்டும் என்றால் ஆறு கோணங்களையும் கணக்கிட வேண்டும். தெரியாத கோணங்களை ஒவ்வொன்றாக நீக்கினால் மிஞ்சுவது ஒரே மாறியில் அமைந்த ஒரு பல்லுறுப்புக் கோவை. அதன் மெய்யெண் பூச்சியங்கள்தான் கை எடுக்கக்கூடிய நிலைகள்.

மூட்டுகளை மனம்போனபடி அமைத்தால் அந்தக் கோவையின் படி 16. இதை 1988-இல் லீ, லியாங் இருவரும் எழுதிக் காட்டினார்கள். அதற்கு 20 ஆண்டு முன்பே, 1968-இல், ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் டொனால்ட் பைப்பர் ஒன்றைக் கண்டிருந்தார்: மணிக்கட்டின் மூன்று அச்சுகளும் ஒரே புள்ளியில் சந்தித்தால் படி நான்காகக் குறைந்துவிடும். இன்றைய தொழிற்சாலை ரோபோக்களில் பெரும்பாலானவற்றின் மணிக்கட்டு அப்படித்தான் இருக்கிறது. தோள், முழங்கை அச்சுகளும் இணையாக இருப்பதால் இருபடியே போதும் என்ற அளவுக்கு வேலை எளிதாகிறது. எனக்கு இது நூற்றாண்டின் அழகான வடிவமைப்புகளில் ஒன்று.

இனி மடங்குக்கு, அதாவது ஒரே பூச்சியம் எத்தனை முறை வருகிறது என்பதற்கு, வருவோம். கைக்கு எட்டும் புள்ளியை முழங்கையை உயர்த்தியும் தொடலாம், தாழ்த்தியும் தொடலாம்: இரண்டு பூச்சியங்கள். கை முழுக்க நீளும் எல்லையில் அவை ஒன்றாகிவிடும், மடங்கு 2. வரைபடம் அச்சை வெட்டாமல் தொட்டுத் திரும்பும். எல்லைக்கு அப்பால் மெய்யெண் பூச்சியமே இல்லை, கை எட்டாது.

ஆபத்து அந்த எல்லையில்தான். (x−2)² = 0 என்பதன் வலப்பக்கம் வெறும் 0.0001 ஆனால் பூச்சியங்கள் 2.01, 1.99 என்று விலகுகின்றன; தனிப் பூச்சியமான x−2 = 0 என்பதிலோ அதே மாற்றம் 0.0001 மட்டுமே. கன் மயிரிழை நகர வேண்டிய இடத்தில் மூட்டு எக்கச்சக்கமாகத் திரும்ப வேண்டியிருக்கும். அதனால்தான் அந்த நிலைக்குப் பக்கத்தில் போகாதபடி ரோபோவின் பாதையை வகுக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பூச்சியங்களையும் மடங்கையும் நடத்தும் நாளில் ஒரு முழங்கையைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.