‘லவெந்தூரா’: ஒரு திரைப்படமும் மாறிவந்த மதிப்பீடுகளும்

கலைப் படைப்பொன்று தோன்றிய காலத்தில் இகழப்படுவதும் பின்னர் போற்றப்படுவதும் கலை வரலாற்றிற் புதியன அல்ல. எனினும், ஓரிரவில் இகழ்ச்சிக்கும் மறுநாட் காலையிற் புகழ்ச்சிக்கும் உள்ளாகி, அதன்பின் 60 ஆண்டுகளுக்கு மேலாகக் கருத்து வேறுபாட்டுக்கு இடமளித்து நிற்கும் படைப்புகள் மிகச் சிலவே. இத்தாலிய நெறியாளர் மைக்கலாஞ்சலோ அன்ரோனியோனியின் ‘லவெந்தூரா’ என்னும் திரைப்படம் அச்சிலவற்றுள் ஒன்றாகும். உரத்த வசனமோ, விறுவிறுப்பான நிகழ்ச்சிகளோ, உணர்ச்சியைத் தூண்டும் இசைப் பெருக்கோ இல்லாத இப்படம் எவ்வாறு இத்துணைப் பெரிய வாதத்தைத் தோற்றுவித்தது என்பதும், அவ்வாதத்தில் இரு தரப்பினரும் கண்டவை எவை, காணத் தவறியவை எவை என்பதும் நுணுகி நோக்கத்தக்கன.

படத்தின் கதை சுருக்கமானது. செல்வர் சிலர் சிசிலிக்கு வடக்கேயுள்ள எரிமலைத் தீவுகளிடையே படகில் உல்லாசப் பயணம் செல்கின்றனர். அவர்களுள் அன்னா என்னும் இளம்பெண்ணும், அவளுடைய காதலனாகிய சான்ட்ரோவும், தோழியாகிய கிளோடியாவும் அடங்குவர். பாறைகளே நிறைந்த சிறு தீவொன்றில் இறங்கிய சிறிது நேரத்தில் அன்னா காணாமற் போகின்றாள். எல்லோரும் தேடுகின்றனர். பொலிசாரும் வந்து தேடுகின்றனர். அவள் கடலில் வீழ்ந்தாளா, வேறு படகேறிச் சென்றாளா, உயிரை மாய்த்துக்கொண்டாளா என்பது இறுதிவரை தெரிவதில்லை. தேடுதலைத் தொடரும் சான்ட்ரோவும் கிளோடியாவும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகின்றனர். தேடுதல் மெல்ல மெல்லத் தளர்ந்து, பின் மறைந்தே போகின்றது. இறுதியில் சான்ட்ரோ கிளோடியாவுக்கும் துரோகம் இழைக்கின்றான். விடியற் பொழுதில் இருக்கையொன்றில் அமர்ந்து அழும் அவனது தலைமீது கிளோடியா தன் கையை வைக்கின்றாள். அத்துடன் படம் முடிகின்றது.

இத்தகைய படமொன்று தோன்றிய சூழலை முதலில் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் அழிவிலிருந்து எழுந்த இத்தாலிய சினிமா, நவ யதார்த்தவாதம் என்னும் நெறியை உலகுக்கு அளித்தது. ரொபேட்டோ ரொசெலினியின் ‘உரோம், திறந்த நகர்’ (1945), விற்றோரியோ டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) ஆகியன அந்நெறியின் தலைசிறந்த எடுத்துக்காட்டுகள். வறுமையும் வேலையின்மையுமே அவற்றின் பொருள். ஆனால், 1950களின் இறுதியில் இத்தாலியின் நிலை மாறியது. வடபகுதித் தொழிற்சாலைகள் பெருகின. மோட்டார் வாகனங்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் மத்தியதர வர்க்கத்தாரின் இல்லங்களை அடைந்தன. ‘பொருளாதார அதிசயம்’ என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடும் காலம் இதுவே.

1912 இல் பெராரா நகரிற் பிறந்து, திரைப்பட விமர்சகராகத் தம் எழுத்து வாழ்வைத் தொடங்கிய அன்ரோனியோனி இம்மாற்றத்தை நன்குணர்ந்தவர். போ நதிக்கரை மக்களைப் பற்றிய விவரணப் படமே அவருடைய முதல் முயற்சி. சைக்கிளைப் பறிகொடுத்தவனின் புறத்தேவையைக் காட்டியாயிற்று; இனி அவன் உள்ளத்தில் நிகழ்வதைக் காட்டவேண்டும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டதுண்டு. நவ யதார்த்தவாதத்தை அவர் கைவிட்டார் என்பதனினும், அதனை அகத்தை நோக்கித் திருப்பினார் என்பதே பொருந்தும்.

‘லவெந்தூரா’ 1959 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் படமாக்கப்பட்டது. லிஸ்கா பியாங்கா என்னும் பாறைத் தீவில் நடைபெற்ற படப்பிடிப்பு, கடற்கொந்தளிப்பாலும் பணமுடையாலும் பெரிதும் இடருற்றது. முதலிற் பணமிட்ட நிறுவனம் முறிந்துபோக, வேறொருவர் பொறுப்பேற்ற பின்னரே படம் நிறைவெய்தியது. இத்துணை இடர்களுக்கிடையே உருவான படம் 1960 மே 15 ஆம் நாள் பிரான்சின் கான் நகரத் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது.

அன்றிரவு அரங்கில் நிகழ்ந்தது திரைப்பட வரலாற்றில் நன்கறியப்பட்டதொன்று. பாத்திரங்கள் நடந்து மறைந்த பின்னரும் வெறும் பாறையையோ வெற்று வீதியையோ கமெரா காட்டிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் பொறுமையிழந்தனர். காட்சியை வெட்டுமாறு கூச்சலிட்டனர். துயரம் மிக்க கட்டங்களிற் சிரித்தனர். கிளோடியாவாக நடித்த மொனிக்கா விற்றி கண்ணீருடன் வெளியேற நேர்ந்தது. ஆயின், மறுநாட் காலை ரொசெலினி உள்ளிட்ட திரைப்படக் கலைஞரும் விமர்சகரும் 30 இற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட அறிக்கையொன்று வெளிவந்தது. படத்தின் சிறப்பை வலியுறுத்திய அவ்வறிக்கை, அதற்கு நேர்ந்த அவமதிப்பையும் கண்டித்தது. எழுத்தாளர் ஜோர்ஜ் சிமெனோனைத் தலைவராகக் கொண்ட நடுவர் குழு, முதற் பரிசைப் பெடரிக்கோ பெலினியின் ‘லா டொல்சே விற்றா’வுக்கு வழங்கிற்று. ‘லவெந்தூரா’வுக்கு நடுவர் பரிசு கிடைத்தது. புதியதொரு திரைமொழியை நாடியமையும் காட்சிகளின் அழகும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். கூச்சலிட்டோரும் கையொப்பமிட்டோரும் கண்டவை வெவ்வேறு படங்கள் அல்ல. கதை முடிவுறவில்லை என்றனர் முதற் சாரார். ஆம், முடிவுறவில்லை என்றே மற்றையோரும் ஒப்புக்கொண்டனர். காட்சிகள் வேண்டியதினும் நீண்டு நிற்கின்றன என்பதையும் எவரும் மறுத்திலர். விவரிப்பில் இருசாராரும் ஒன்றுபட்டனர், மதிப்பீட்டிலேயே வேறுபட்டனர். பார்வையாளனுக்கு நெறியாளர் கடமைப்பட்டது யாது என்னும் வினாவே அங்கு உண்மையில் எழுந்தது. மர்மமொன்றை முன்வைப்பவர் அதனை விடுவித்தே ஆகவேண்டுமா என்பதுதான் அவ்வினா. அதே 1960 இல் வெளிவந்த அல்பிரட் ஹிச்கொக்கின் ‘சைக்கோ’விலும் கதாநாயகி எனக் கருதப்பட்டவள் இடைவழியில் மறைகின்றாள். ஆனால், அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது அங்கே விளக்கப்படுகின்றது. எனவே, அச்சமுற்ற பார்வையாளன் அமைதியுடன் வீடு திரும்ப முடிந்தது. அன்ரோனியோனி அவ்வமைதியை அளிக்க மறுத்தார்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் இதே வாதம் தொடர்ந்தது. 1961 ஏப்பிரலில் நியூயோர்க்கிற் படம் திரையிடப்பட்டபோது, ‘நியூயோர்க் ரைம்ஸ்’ விமர்சகர் பொஸ்லி குரோதர், சில சுருள்கள் தொலைந்துபோன படத்தைப் பார்ப்பது போன்ற குழப்பம் ஏற்படுவதாக எழுதினார். இதற்கு நேர்மாறாக, போலின் கேல் இப்படத்தைப் பெரிதும் பாராட்டினார். எனினும், அன்ரோனியோனியின் அடுத்த படமாகிய ‘லா நொத்தே’ (1961) வெளிவந்த பின்னர், 1963 இல் அவரே கடுமையான கட்டுரையொன்றை எழுதினார். செல்வரின் சலிப்பையும் வெறுமையையும் விருந்துக் காட்சிகளாக்கி, அவற்றையே ஐரோப்பிய ஆன்மாவின் நோயென முன்வைக்கும் போக்கினை அவர் எள்ளி நகையாடினார். 1962 இல் மனி பார்பர் என்னும் விமர்சகரும் அன்ரோனியோனியின் கலையைக் கனதி காட்டும் கலையெனச் சாடினார். அன்ட்ரூ சாரிஸ், நெறியாளரின் பெயரையும் சலிப்பைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துக் கேலிச் சொல்லொன்றைப் படைத்தார். இவர்களெல்லாம் எளிய பொழுதுபோக்கை நாடியவர்கள் அல்லர். சினிமாவைக் கலையென ஏற்று அதற்காக வாதாடியவர்கள். ஆதலின், இப்படத்தை விரும்பாதோர் சுவையற்றோர் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது.

எதிர்த்தரப்பினர் எழுப்பிய வினாக்களுள் வலுவானது வர்க்கஞ் சார்ந்தது. உழைப்பறியாத செல்வரின் மனவெறுமையில் உழைக்கும் மக்களுக்கு என்ன அக்கறை இருத்தல் கூடும் என்பதே அது. இவ்வினாவுக்குப் படத்திலேயே ஓரளவு விடையுண்டு. சான்ட்ரோ கட்டடக் கலைஞன். ஆனால், கட்டடங்களை ஆக்கும் ஆர்வத்தைக் கைவிட்டு, பிறர் ஆக்கும் கட்டடங்களுக்குச் செலவு மதிப்பீடு செய்து பணமீட்டுபவன். நோட்டோ நகரில், பழைய கட்டடமொன்றை இளைஞனொருவன் வரைந்துகொண்டிருக்கையில், அவ்வோவியத்தின் மீது மைக்கூட்டைத் தட்டிவிடுகின்றான் அவன். தான் இழந்ததைப் பிறன் பெற்றிருத்தலைப் பொறாத மனத்தின் செயல் அது. சந்தைக்குத் தன்னை விற்றுவிட்ட ஒரு திறமையின் சிதைவை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. பொருளாதார அதிசயத்தின் விலை யாது என்பதை, புள்ளிவிவரங்களின் துணையின்றி இக்காட்சி உணர்த்துகின்றது. எனினும், அச்செல்வருக்குப் பணிபுரியும் மீனவரும் ஏவலாளரும் படத்தில் ஓரத்திலேயே நிற்கின்றனர் என்னும் குறை முற்றாக நீங்கிவிடவில்லை.

படத்தின் நிலக்காட்சிகள் பற்றிய கருத்து வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு அகவுணர்வைப் பாடிய கவிமரபிற் பயின்றோர்க்கு, பாத்திரத்தின் மனநிலையைப் பாறையும் கடலும் உரைக்கும் முறை அந்நியமானதன்று. ஆனால், அம்மரபில் நிலம் மாந்தரின் உணர்வோடு இயைந்து நிற்கும். அன்ரோனியோனியின் தீவோ மாந்தரைப் பொருட்படுத்துவதேயில்லை. தேடுவோரின் அழைப்புக்கு அலையோசையே மறுமொழியாகின்றது. இதனைக் குளிர்ந்த உள்ளத்தின் வெளிப்பாடெனச் சிலர் குறைகூறினர். மனிதத் துயரை மிகைப்படுத்தாத நேர்மை இதுவெனப் பிறர் கொண்டாடினர்.

காலப்போக்கில் மதிப்பீடுகள் மாறிய விதமும் ஆராய்தற்குரியது. பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் ‘சைற் அன் சவுண்ட்’ இதழ், 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடையே வாக்கெடுப்பு நடத்திவருகின்றது. 1952 இல் ‘சைக்கிள் திருடர்கள்’ முதலிடம் பெற்றது. 1962 இல், வெளிவந்து ஈராண்டே ஆகியிருந்த ‘லவெந்தூரா’, ‘சிற்றிசன் கேன்’ படத்துக்கு அடுத்ததாக இரண்டாமிடத்தை எய்தியது. 1972 இல் ஐந்தாமிடத்துக்கும் 1982 இல் ஏழாமிடத்துக்கும் இறங்கியது. 1992 இல் முதற் பத்துக்குள் அது இடம்பெறவில்லை. 2012 இல் 21 ஆம் இடத்தையும், 2022 இல் 72 ஆம் இடத்தையும் பெற்றது. இதனைக் கொண்டு படம் தாழ்ந்துவிட்டதென முடிவுகட்டுதல் தவறாகும். 2022 இல் வாக்களித்தோர் தொகை 1,600 இற்கு மேற்பட்டது. பல நாடுகளின் படங்களும் பெண் நெறியாளர்களின் ஆக்கங்களும் புதிதாகக் கவனிப்புப் பெற்றன. அவ்வாண்டு முதலிடம் பெற்றது, பெல்ஜியப் பெண் நெறியாளர் சந்தால் அக்கர்மனின் 1975 ஆம் ஆண்டுப் படமாகிய ‘ஜான் டீல்மன்’ என்பது கருதத்தக்கது. விதவையொருத்தியின் அன்றாட வீட்டு வேலைகளை மூன்று மணி நேரத்துக்கு மேலாக நிதானமாகக் காட்டும் படம் அது. நீண்டு நிற்கும் காட்சியைப் பொறுமையுடன் நோக்கும் பழக்கத்தைப் பார்வையாளரிடையே வளர்த்த படங்களுள் ‘லவெந்தூரா’வும் ஒன்று. தான் திறந்த வழியிற் பிறர் முந்திச் செல்வது முன்னோடிகளுக்கு இயல்பே.

தனி மனிதரின் மதிப்பீடும் காலத்தோடு மாறுகின்றது. அமெரிக்க விமர்சகர் ரொஜர் ஈபேட், இளமையில் முதன்முறை கண்டபோது இப்படம் தம்மைத் தொடவில்லை என்றும், முதிர்ந்த வயதில் மீண்டும் கண்டபோதே அதன் தெளிவையும் வேட்கையையும் உணர்ந்ததாகவும் 1997 இல் எழுதினார். சுவீடன் நாட்டு நெறியாளர் இங்மார் பேர்க்மனோ, அன்ரோனியோனியின் படங்களுள் ‘லா நொத்தே’, ‘புளோ அப்’ ஆகிய இரண்டையே சிறந்தவையெனக் கொண்டார். ஏனையவற்றைச் சலிப்பூட்டுவன என்றார். 2007 ஜூலை 30 ஆம் நாள் இவ்விருவரும் ஒரே நாளில் மறைந்தனர். அவ்வேளையில் மாட்டின் ஸ்கோசீசி எழுதிய அஞ்சலிக் கட்டுரை, ‘லவெந்தூரா’ தம் இளமையில் ஏற்படுத்திய பேரதிர்வை விரித்துரைத்தது. ஒருவர் இளமையிற் காணாததை மற்றவர் இளமையிலேயே கண்டார். பெருங்கலைஞர் ஒருவர் இறுதிவரை காணவேயில்லை. ஆகவே, வயதும் தகுதியும் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்கப் போதியன அல்ல.

இவ்வாதங்கள் அனைத்தையும் தொகுத்து நோக்கும்போது, கான் அரங்கிற் கூச்சலிட்டோர் படத்தின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டே விலகினர் என்பது புலனாகும். அன்னாவுக்கு என்ன ஆயிற்று என்பதைப் படம் மறந்துவிட்டது என்பதே அவர்களுடைய குற்றச்சாட்டு. அம்மறதியே படத்தின் பொருள். காதலன் மறக்கின்றான், நண்பர்கள் மறக்கின்றனர். தோழி மறக்க அஞ்சி, பின் அன்னா திரும்பிவந்துவிடுவாளோ என அஞ்சும் நிலைக்கு ஆளாகின்றாள். கிளோடியாவின் காதலில் ஈடுபட்டுவிடும் பார்வையாளனும், தானறியாமலே அன்னாவை மறந்துவிடுகின்றான். ஒரு மனித உயிர் காணாமற் போனபின் எஞ்சியோரின் வாழ்வு எத்துணை விரைவில் அவ்விடைவெளியை மூடிவிடுகின்றது என்பதைக் கதை சொல்லி உணர்த்துவது எளிது. பார்ப்பவனையே அக்குற்றத்திற் பங்காளியாக்கி உணர்த்துவது அரிது. விடை அளிக்கப்பட்டிருப்பின் பார்வையாளன் அன்னாவைப் புதைத்துவிட்டு நிம்மதியடைந்திருப்பான். விடையின்மையால் அவள் இன்னும் தேடப்படவேண்டியவளாகவே இருக்கின்றாள்.

அமைதியான படைப்பொன்றை மதிப்பிடுவோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. சலிப்பைக் குறைபாடெனக் கருதிக் கூச்சலிடுதல் எளிது. தரவரிசையிற் பெற்ற இடத்தைக் கண்டு தலைவணங்குதலும் எளிது. இரண்டும் படைப்பை நேரே நோக்காமல் தப்பிச் செல்லும் வழிகளே. சலிப்பு எவ்விடத்தில் எழுகின்றது, அவ்விடத்தில் நெறியாளர் காட்டுவது யாது, அதனைக் காண மனம் மறுப்பது ஏன் என்று வினவுவதே விமர்சனத்தின் தொடக்கமாகும். அவ்வாறு வினவிய பின்னரும் ஒருவர் இப்படத்தை ஏற்க மறுப்பாராயின், அம்மறுப்பு மதிக்கப்படவேண்டியதே.