தூரத்துப் பூசை

2020 மார்ச் கடைசியில் கோவில்களைப் பூட்டினார்கள். சாமியார் தனியாகப் பீடத்தில் நின்று பூசை வைக்க, உபதேசியார் மகனோ மடத்துச் சிஸ்டரோ கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, சனம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. மார்ச் 27இல் ரோமாபுரியில் மழையில் நனைந்த வெற்றுச் சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் ஆசி கொடுத்ததை உலகமே பார்த்தது. அந்த ஈஸ்டருக்குக் கான்டர்பரி ஆர்ச்பிஷப் தன் வீட்டு அடுப்படியிலிருந்து வழிபாடு நடத்தினார். அப்புறம் இதைப்பற்றி எத்தனையோ கட்டுரைகள், கருத்தரங்குகள். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: முதல்முறையாக விசுவாசிகள் பூசையை எட்ட நின்று காண நேர்ந்தது.

யாருக்கு முதல்முறை? தமிழ்நாட்டுச் சேரிக் கிறித்தவனுக்கு எட்ட நின்று பூசை காண்பது ஏறக்குறைய 400 வருசத்துப் பழக்கம். 2020இல் புதுசாக நடந்தது என்னவென்றால், அந்தத் தூரம் ஊர்த்தெருவுக்கும் வந்தது. அதுதான் அதிர்ச்சி. அதற்குத்தான் இத்தனை இறையியல்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம்.

1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், பூணூல் போட்டார், சைவம் சாப்பிட்டார், சன்னியாசி ஆனார். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு அவர் தத்துவ போதகர், உரைநடை முன்னோடி. எம்.ஏ. வகுப்பில் நானும் அப்படித்தான் படித்தேன். அந்த உரைநடைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. பார்ப்பனச் சன்னியாசியாக வாழ்கிற சாமியார் சேரிக்குள் கால் வைத்தால் மேல்சாதிக்காரன் விலகிப்போவான். ஆகவே கால் வைக்கக்கூடாது. கீழே இருக்கிற சனத்துக்கென்று 1640 வாக்கில் 'பண்டார சாமி' என்று இன்னொரு வகைச் சாமியாரை உண்டாக்கினார்கள். ஒரே சேசு சபை, ஒரே விசுவாசம், சாமியாரில் மட்டும் இரண்டு சாதி.

இது எங்கே போய் முட்டியது என்றால், சாவில். பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கச் சாமியார் அந்தக் குடிசைக்குள் போவாரா? போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் போட்ட ஆணையில் இது ஒரு தனி விசயம். பறையர் வீட்டுக்குப் போய் நோயாளிக்குத் தேவதிரவிய அனுமானம் கொடுக்க மறுக்கக்கூடாது என்று எழுதினார். எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது, பாருங்கள். அந்த ஒரு கட்டளையை நிறைவேற்ற முடியாது, நிறைவேற்றினால் மிசனே அழிந்துவிடும் என்று 40 வருசம் ரோமாபுரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் வழக்கு நடந்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடித்துவைத்தார். எப்படி? பறையர் வீட்டுக்குப் போவதற்கென்றே தனியாகச் சாமியார்களை ஒதுக்கி. சேரிக்குள் போகிறவர் மற்றவர் தெருவுக்கு வரமாட்டார். எல்லாருக்கும் கௌரவம் மிச்சம்.

இப்போது 2020 மார்ச் 20ஆம் தேதி ரோமாபுரியிலிருந்து வந்த ஒரு குறிப்பைப் படியுங்கள். நோய் தொற்றிச் சாகக் கிடக்கிறவர்களுக்கு மருத்துவமனை வார்டு வாசலில் நின்றபடியே, முடிந்தால் ஒலிபெருக்கி வைத்து, பொதுவான பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்றது அது. வாசலுக்கு வெளியே சாமியார், உள்ளே நோயாளி, நடுவில் குரல்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நோய் உண்மை, சாவு உண்மை. உள்ளே போன சாமியார்கள் பலர் இத்தாலியில் செத்தும் போனார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிருமிக்குப் பயந்து வாசலில் நின்றவர் அதற்காக வருத்தப்பட்டார், விளக்கம் எழுதினார், இது தற்காலிகம் என்றார். தீட்டுக்குப் பயந்து வாசலில் நின்றவர் அதற்கு 'ஞானம்', 'பண்பாட்டுமயமாதல்' என்று பேர் வைத்தார். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை.

சீர்திருத்தச் சபை ஒன்றும் மேல் இல்லை. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்துக் கையில் கொடுத்தவர்கள், கோவிலுக்குள் உட்காருவதற்குப் பாயும் தரையும் என்று தனித்தனி இடம் விட்டவர்கள்தான். எழுத்து பொது, இடம் தனி. ராப்போசனக் கிண்ணத்தில் சூத்திரக் கிறித்தவர்கள் முதலில் குடிப்பார்கள், பறையர்கள் அப்புறம். சில இடத்தில் கிண்ணமே இரண்டு. 1833இல் கல்கத்தா பிசப் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கோவிலை விட்டே வெளியேறினார்கள். சாதிப் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்கியவர் யாரென்றால், நாம் பாடத்தில் படிக்கிற தஞ்சை வேதநாயக சாஸ்திரி. வெளியே போனவர்களில் பலருக்கு லீப்சிக் மிசன் இடம் கொடுத்தது. சாதி சமூகப் பழக்கம்தான், மெல்ல மெல்லத் திருத்தலாம் என்பது அதன் தலைவர் கார்ல் கிரௌலின் வாதம்.

மெல்ல மெல்ல. இந்த இரண்டு சொல்லைத் தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாறு முழுக்கப் பார்க்கலாம்.

கிண்ணத்துக்கு இன்னொரு கதை உண்டு. 1890களில் அமெரிக்காவில் கிருமியைப் பற்றி டாக்டர்கள் பேச ஆரம்பித்ததும், ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பது ஆபத்து என்று ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வந்துவிட்டது. சில வருசத்திலேயே பல சபைகளில் பரவியது. 2020இல் இங்கிலாந்துத் திருச்சபை கிண்ணத்தையே நிறுத்தி அப்பம் மட்டும் கொடுத்தது. ஆக, கிண்ணம் மாற்ற முடியாத பொருள் இல்லை. எச்சிலில் கிருமி இருக்கிறது என்றால் மாறும். எச்சிலில் சாதி இருக்கிறது என்றாலும் மாறும், இரண்டு கிண்ணமாக. எச்சிலில் ஒன்றுமில்லை, எல்லாரும் ஒன்றாகக் குடிக்கலாம் என்று சொன்னபோதுதான் மாற நூறு வருசம் கேட்டது.

புனித வாரத்துக்கு என்ன செய்வது என்று ரோமாபுரி இரண்டு ஆணை போட்டது, 2020 மார்ச் 19இலும் 25இலும். நடுவில் 6 நாள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கை விடச் சொன்னது, பவனிகளைத் தள்ளிவைக்க இடம் கொடுத்தது, சனம் இல்லாமலே சடங்கு நடத்தச் சொன்னது. எத்தனையோ நூற்றாண்டுப் பழக்கம் ஒரு வாரத்தில் மாறியது. வடக்கன்குளத்தில் வேளாளர் ஒரு பக்கம், நாடாரும் மற்றவரும் மறுபக்கம் என்று 1872இல் கால்சட்டை மாதிரி இரட்டைச் சாலையாகக் கோவில் கட்டி, நடுவில் எழுப்பிய சுவரை உடைக்க 1910 வரை ஆனது. உடைத்த பிறகும் அந்தச் சுவர் எங்கள் உரிமை என்று உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல்தான் தலித் மேம்பாட்டுக்கென்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒரு கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் ஒரு கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், தீண்டாமை உள்ளே இருக்கிறது என்றும் அதில் அவர்களே ஒத்துக்கொண்டார்கள். 6 நாளில் முடிந்ததையும் 400 வருசத்தில் முடியாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது கஷ்டம் எது மனசில்லாமை என்று தெரியும்.

சரி, திரை வந்ததே, அதில் சாதி போச்சா?

போச்சு என்று சொன்ன நண்பர்கள் உண்டு. கைபேசியில் முன்பெஞ்சு இல்லை, பின்பெஞ்சு இல்லை, எல்லாருக்கும் சாமியார் முகம் ஒரே அளவு. ஏற்கெனவே மாதா தொலைக்காட்சி பார்த்துப் பழகிய கிழவிகளுக்கு இது பெரிய விசயமாகவும் தெரியவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அசிசி கிளாரம்மாள் நோயில் படுத்திருந்தபோது, தூரத்துப் பூசை அவர் அறைச் சுவரில் தெரிந்ததாகக் கதை. அதனால் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி என்று பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். அவருக்குச் சுவரில் பூசை தெரிந்தது. நமக்குச் சுவரால் பூசை மறைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்: புதுச்சேரிக் கோவிலுக்குள் பறையரைப் பிரிக்கச் சுவர் இருந்தது, சேரிக்காரர்கள் போய்ச் சாமியாரிடம் முறையிட்டார்கள், சுவர் இடிந்தது, சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். முறையிட்டது நம்ம சனம் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரச் சாமியார் கருணையால் மட்டும் எந்தச் சுவரும் விழவில்லை.

திரைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பங்கில் ஊரடங்கு முழுக்க நேரலை நடந்தது. கோவிலுக்குள் 5 பேருக்கு மேல் கூடாது என்று விதி. அந்த 5 பேர் யார்? சாமியார், பாடகர், கேமரா பிடித்த பையன், வாசகம் வாசித்த இரண்டு பேர். சாமியாரைத் தவிர நான்கு பேரும் ஊர்த்தெரு. பெஞ்சு போனதும் சாதி கேமராவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. சேரியிலிருந்து பூசைக்கருத்துக்குப் பேர் அனுப்பினால் வாசிப்பார்கள், வாசிக்காமலும் இருப்பார்கள். "வாட்சப்பில் வந்ததைக் கவனிக்கலைம்மா" என்பார் சாமியார். பங்குக் குழு ஒன்று, அதை நிர்வகித்தவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த குழு இன்னொன்று. காணிக்கை போடுவதற்கான கணக்கு எண் மட்டும் திரையின் அடியில் எல்லாருக்கும் பொதுவாக ஓடியது.

சேரியில் வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு வேணும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேட்டாவைப் பூசைக்குச் செலவழிப்பதா, திங்கட்கிழமை வகுப்புக்கு வைப்பதா என்று தாய்மார்கள் கணக்குப் போட்டார்கள். மருந்து தெளிக்கவும் குப்பை அள்ளவும் பிணம் தூக்கவும் போன துப்புரவுத் தொழிலாளிக்கு ஊரடங்கே கிடையாது. அவர்களுக்காகச் செபிப்போம் என்று நேரலையில் சொன்னபோது அவர்கள் தெருவில் நின்றார்கள்.

செத்தபிறகு எந்தத் திரையும் உதவாது. மண் வேணும். 2020 ஏப்ரல் 19இல் கொரோனாவில் இறந்த சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிசைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் கல்லெறிந்து ஆம்புலன்சை உடைத்தார்கள். இரவில் போலீஸ் காவலில் கூட்டாளி டாக்டர் மண்வெட்டி பிடித்துப் புதைத்தார். அவர் மனைவி ஒரு வருசம் போராடி, உயர்நீதிமன்ற உத்தரவு வாங்கி, 2021 ஏப்ரலில் உடலைத் தோண்டியெடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கினார். நாடே வெட்கப்பட்டது, படவேண்டியதுதான். பிணத்தை இந்த வழியே கொண்டுபோகாதே, இந்த மண்ணில் போடாதே என்ற சொல் அன்றைக்குத்தான் பத்திரிகைக்காரர்களுக்குப் புதுசாகக் கேட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கொரு பகுதியாகச் சுவர் பிரித்ததும், விழுப்புரம் பக்கம் இறையூரில் தலித் கிறித்தவர் பிணம் போக வேறு பாதை என்று இருந்து 2008 மார்ச்சில் அது கலவரமாகித் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்ததும் அதே சொல்தான். கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்தது.

2020 செப்டம்பர் 1இல் கோவில்கள் திறந்தன. அடுத்த வருசம் மறுபடி மூடி, திறந்து, வெள்ளி சனி ஞாயிறு மட்டும் பூட்டி, 2021 அக்டோபரில்தான் எல்லாம் முழுசாகத் திறந்தது. பெஞ்சுகளில் இடைவெளிக்குப் பெயிண்டால் போட்ட குறிகள் கொஞ்ச நாளில் அழிந்துபோயின. பெயிண்டே இல்லாமல் இருந்த பழைய குறிகளைத் தேடி அவரவர் போய் உட்கார்ந்தார்கள். நேரலை மட்டும் நிற்கவில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் திருவிழா பார்க்க வேண்டும், வரி அனுப்ப வேண்டும். எனவே கொடியேற்றத்திலிருந்து தேர்வரை எல்லாம் யூடியூபில் ஏறுகிறது.

இதில்தான் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. பங்குப் பதிவேடு சாமியார் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், கேட்டால் தரமாட்டார்கள். வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பாதி, வழக்குப் போட்டதால் நீதிமன்றத் தாளில் மிஞ்சியது. இன்றைக்கு அவர்களே தேதியும் மணியும் போட்டுச் சாட்சியத்தை வெளியிடுகிறார்கள். வாசகம் வாசித்தது யார், காணிக்கைப் பவனியில் வந்தது யார், பெரிய வியாழன் அன்று யார் பாதம் கழுவப்பட்டது, உபயதாரர் பட்டியலில் எந்தத் தெருப் பேர் இல்லை என்று ஆராய்ச்சி மாணவர்கள் உட்கார்ந்து எண்ணலாம். நீக்குவதற்குள் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

நான் மேலே சொன்ன அந்தப் பங்கின் 2022 திருவிழாப் பதிவு 3 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. தேர் ஊரைச் சுற்றி வந்து சேரித் தெரு முனையில் திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் படம் நின்று, மாதா படத்தைக் காட்டிப் பாட்டு ஓடுகிறது. 7 நிமிசம். மறுபடி படம் வரும்போது தேர் கோவில் வாசலுக்கு வந்துவிட்டது. பாட்டுக்கு நடுவில் ஒலிபெருக்கியில் யாரோ, "வண்டியத் திருப்புப்பா, சீக்கிரம் திருப்பு" என்று சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.