காந்தியடிகளும் ஆண்ட்ரூஸ் பாதிரியாரும் எழுதிய திருமுகங்கள்

1914-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் இறங்கிய ஆங்கிலப் பாதிரியார் ஒருவர், தம்மை எதிர்கொள்ள வந்த காந்தியடிகளின் பாதங்களைக் குனிந்து தொட்டனர். அந்நாட்டு வெள்ளையர்க்கு இச்செயல் பெருஞ்சினம் விளைத்தது. அவரே கோகலேயின் வேண்டுகோளால் அங்குச் சென்ற சி. எப். ஆண்ட்ரூஸ் ஆவர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழன்றோருள் தமிழர் மிகப் பலர். 1860-இல் முதற்கப்பல் சென்றதும் சென்னைத் துறையினின்றேயாம். அவர்தம் இடர் களைதற்கண் தோன்றிய இவ்விருவர் கேண்மை, பாதிரியார் மறையுங்காறும் கடிதங்களால் வளர்ந்தது. ஒருவர் 'மோகன்' என்றும் மற்றவர் 'சார்லி' என்றும் எழுதிக்கொள்வர்.

இவர் சபையார் வகுத்த நெறியில் அடங்கி நின்றவரல்லர். தம் சமயக் கொள்கையை ஏலாதார் அனைவரும் கெடுவர் என்னும் பழைய அறிக்கைமொழியை மனமொப்பி ஓதமாட்டாமையின், 1914-இல் குருத்துவப் பணியைத் துறந்து, இரவீந்திரர்தம் சாந்திநிகேதனம் புக்கார்.

அத்துணை அன்புடையாரும் இடித்துரைக்க அஞ்சிற்றிலர். 1921-இல் அந்நியத்துணியை எரிக்கும் இயக்கம் எழுந்தபோது, பிறர் கைப்பட நெய்த நல்லாடையை அழித்தல் தகாது, ஆடையின்றி வாடும் ஏழையர்க்கேனும் அதனை ஈதல் வேண்டும், இவ்வெரியூட்டலைக் கண்டபின் தாம் கதருடுத்தற்கும் மனங்கூசுகின்றது என்று வருந்தியெழுதினர். காந்தியடிகள் அக்கடிதத்தை மறைத்திலர். செப்டம்பர்த் திங்கள் முதல்நாள் தம் 'யங் இந்தியா'விலேயே வெளியிட்டு விடையும் இறுத்தனர். மாந்தர்மேற் செல்லும் வெகுளியைப் பொருள்மேல் திருப்புதலே தம் கருத்தென்றும், நாம் இழிவென்று களைந்ததை ஏழையர்க்குக் கொடுத்தல் அவர்தம் மானத்தைப் பழித்தலாமென்றும் அவர் கூறினர். பாதிரியார் இதனால் அமைதியுற்றாரல்லர், நட்போ குன்றவில்லை.

தீண்டாமை பற்றிய கடிதமே சைவர் சிந்தித்தற்குரியது. அரசியற் கிளர்ச்சியில் தீண்டாமையொழிப்புப் பின்தள்ளப்படுமோ என்று பாதிரியார் ஐயுற்றனர். அவ்வாண்டிலேயே காந்தியடிகள் விடையெழுதினர்: உம்மை அறிதற்கு முன்னரே இப்பணியைத் தொடங்கினேன், இது விடுதலையினும் பெரிய சிக்கல், எனினும் இடைவழியில் விடுதலை கிடைப்பின் இதனைத் தீர்த்தல் எளிதாம் என்பது அதன் கருத்து.

இவ்வையம் பொருளற்றதன்று. சேதுநாட்டுக் கமுதியில் 1897-இல் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுட் புக்க நாடார்மேல் சேதுபதி மன்னர் தொடுத்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நாடார்க்கு எதிராகவே முடிந்தது. நந்தனாரை நாயன்மாருள் வைத்து வணங்குவார் நாட்டிலே இது நிகழ்ந்தது! மதுரைத் திருக்கோயிலின் வாயில், அங்ஙனம் விலக்கப்பட்டார்க்கு 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாளிலேயே திறந்தது.

ஆண்ட்ரூஸ் அதன்பின் ஓராண்டும் நிறைந்திலர். 1940-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தவரைக் காந்தியடிகள் சென்று கண்டனர். ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் அந்நகரிலேயே உயிர்நீத்தனர்.