நான்காம் வேற்றுமையில் இருவர்

மேட்டுப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சாபீசுக்குப் போனால் முதல் கேள்வி, "மேலே என்னங்க போடோணும்?" பிள்ளையார் சுழியா, சிலுவையா? சிலுவை என்றதும் 'நிகழும் மங்களகரமான' வருடமும் சுபமுகூர்த்தமும் உதிர்ந்துவிடுகின்றன. 'இறைவனின் பேரருளால்', 'திருப்பலி', 'பங்குத்தந்தை' வந்து உட்காருகின்றன. பழைய ஆட்கள் 'சேசு மரி சூசை' என்று போட்டார்கள்; பிறகு சேசு இயேசுவானார். கீழே இறங்கி வாசித்தால் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும், பெரியோர்கள் நிச்சயித்தபடி... வாக்கியம் அசையவே இல்லை. எழுவாய் அப்பா. கல்யாணம் பண்ணிக்கொள்கிறவர்கள் நான்காம் வேற்றுமையில், வாங்கிக்கொள்கிறவர்களாக நிற்கிறார்கள்.

திருச்சபைச் சட்டமோ இதற்கு நேர்மாறானது. 1563 நவம்பர் 11 அன்று திரெந்து பொதுச்சங்கம், பெற்றோர் சம்மதமில்லாத திருமணம் செல்லாது என்போரைக் கண்டித்தது. அப்படிப்பட்ட ரகசியத் திருமணங்களை அது விரும்பவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் மூன்று முறை கோவிலில் அறிவிக்கவும், குருவும் சாட்சிகளும் முன்னிற்கவும் விதித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் பலர் இந்த அறிவிப்பை 'ஓலை வாசிப்பது' என்பார்கள். தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்பதே ஓலையின் பொருள். அந்தத் தடைகளில் சாதி இல்லை. 1983இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, வேறெந்த மனித அதிகாரமும் அதை ஈடுசெய்ய முடியாது என்கிறது. பீடத்தின் முன் இருவரும் 'நான்' என்றுதான் வாக்களிக்கிறார்கள். அங்கே எழுவாய் அவர்கள், பத்திரிகையில் இல்லை.

ஏன் இந்தப் பிளவு? 1704இல் புதுச்சேரியில் துர்னோன் பிறப்பித்த ஆணை பிள்ளையார் உருவம் கொண்ட தாலியைத் தடுத்தது. சிலுவையோ மாதா உருவமோ உள்ள தாலியை ஏற்றது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இந்த மலபார்ச் சடங்கு வழக்கை முடித்துவைத்தபோது, பறையர்களுக்கெனத் தனி மிஷனரிகள் என்ற ஏற்பாட்டை ஒப்புக்கொண்டார். தாலியில் உருவம் மாறியது. தாலி கட்டுகிற சமூகத்தின் வரிசை மாறவில்லை. நம் பத்திரிகையும் இதே சமரசத்தின் பிரதிதான்.

இலக்கணத்தைப் பிடித்துத் தொங்குகிறான் என்று நினைக்கலாம். 2019 ஜூனில் சாதி கடந்து காதலித்த இருவர் வெட்டுப்பட்டுச் செத்த ஊர் இது. அது கத்தோலிக்க வீட்டுச் சம்பவமல்ல. ஆனால் 'பெரியோர்கள் நிச்சயித்தபடி' என்ற சொற்றொடர் எல்லா மதத்துப் பத்திரிகையிலும் ஒன்றுதான். நிச்சயிக்கிற உரிமை யாருடையது என்பதில்தான் அங்கே அரிவாள் விழுந்தது. சம்மதமே திருமணம் என்று சட்டம் வைத்திருக்கிறவர்கள் அந்தச் சொற்றொடரை மட்டும் யோசிக்காமல் அச்சுக்குக் கொடுப்பது எப்படி?

மேலே என்ன போடுவது என்பது முந்நூறு வருசத்துச் சண்டை. அச்சாபீசில் இனி கேட்க வேண்டிய கேள்வி வேறு: "கூப்பிடறது யாருங்க?"